பீன்யா பட்டறைக்காரருக்கு ஒரு பதில்

அன்புள்ள நண்பருக்கு,

பெங்களூரு பீன்யாவில் நான்கு சிஎன்சி மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறீர்கள். துப்பாக்கி சைலன்சருக்கு வருங்காலம் உண்டு என்று யாரோ சொன்னார்களாம். மலிவு ரகத்தில் இறங்கலாமா, டைட்டானியத்தில் உயர்ரகமாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விலையைக் கேட்டாலும் நான் சட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்குத் தரும் விளக்கத்திலேயே, சுடும் சத்தத்தையும் ஒளியையும் குறைக்கும் துணைக்கருவியும் அடக்கம். குழலும் விசையும் இல்லாத வெறும் உருளையும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். உரிமமில்லாமல் ஆயுதம் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, தண்டனை 7 ஆண்டு முதல் ஆயுள்வரை. எனவே "சாம்பிளுக்கு ஒன்று கடைந்து பார்ப்போம்" என்ற பேச்சே வேண்டாம். குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டே என்பீர்கள். 2029 வரை நீட்டிக்கப்பட்ட அந்தச் சலுகை சைலன்சர் செய்வதற்குப் பொருந்தாது.

பின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டைக்காரர்கள் காதைக் காக்க சைலன்சரைச் சாதாரணமாக மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1934 முதல் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பதிவு மட்டும் தொடர்கிறது. அங்கே மலிவா உயர்ரகமா என்பதை வாங்குபவரின் பர்ஸ் முடிவுசெய்யும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் வேட்டைக்காரன் என்ற வாடிக்கையாளரே போய்விட்டார். மிச்சம் ராணுவம், துணை ராணுவம், போலீஸ் கமாண்டோக்கள். எல்லாம் ஒரே கல்லாப்பெட்டி: அரசாங்கம்.

இனி உங்கள் கேள்வி. சினிமாவில் கேட்கும் 'புஸ்' சத்தத்தை மறந்துவிடுங்கள். ரைஃபிள் வெடித்தால் ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்சர் 25, 30 டெசிபல் குறைக்கும். ஒலியை மிஞ்சிப் பறக்கும் தோட்டாவின் 'படீர்' அப்படியே இருக்கும். காதுக்கு ஆபத்தான 140 டெசிபலுக்குக் கீழே இறக்குவதும், சுட்டவர் இருக்கும் இடம் தெரியாமல் செய்வதும், பக்கத்திலிருப்பவர் சொல்வது காதில் விழச் செய்வதும்தான் இதன் வேலை. 1909இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிமின் அப்பாதான் மாக்சிம் மெஷின்கன்னைச் செய்தவர். சுட்டுச் சுட்டே காது மந்தமானவர்.

விலை வித்தியாசம் பெரும்பாலும் சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. சின்ன .22 துப்பாக்கிக்கு அலுமினியமே போதும். தொடர்ந்து சுடும் ரைஃபிளில் மாட்டினால், உள்ளே இருக்கும் முதல் தடுப்புத் தட்டில் சூடான வாயுவும் வெடிமருந்துத் துகளும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் மோதி உலோகத்தை அரிக்கும். அதற்கு இன்கோனல், ஸ்டெல்லைட் போன்ற உலோகக் கலவை வேண்டும். டைட்டானியம் உயர்ரகம் என்று நினைத்திருக்கிறீர்கள். எடை குறைவு, ஸ்னைப்பருக்கு அருமை. ஆனால் சூடேற ஏற வலு இழக்கும், பொறியும் தெறிக்கும். தொடர் சுடுதலுக்கு அதைத் தந்தால் விலையும் கூடுதல், ஆயுளும் குறைவு. அச்சு துளி விலகினாலும் தோட்டா தட்டில் உரசி உருளையே பாழ். இது போக, வாயு பின்னால் திரும்பிச் சுடுபவர் முகத்தில் அடிக்கும். அதைத் தவிர்க்கும் புதிய வடிவங்களில் பல, லேத்தில் கடைய முடியாதவை. உலோக 3டி அச்சில்தான் வரும். அந்தத் தொழில் விப்ரோ 3டி, இன்டெக் என்று உங்கள் ஊரிலேயே வளர்ந்துவிட்டது. உங்கள் நான்கு மெஷினுக்கு உண்மையான போட்டி அங்கிருந்துதான்.

அடுத்தது அரசு டெண்டரின் எல்-1 விதி. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர். ஆகவே மலிவா உயர்ரகமா என்பது டெண்டர் தாளிலேயே முடிவாகிவிடுகிறது. எத்தனை ரவுண்டு, எந்த வேகத்தில் சுட்ட பிறகும் சத்தம் எவ்வளவு குறைய வேண்டும் என்று எழுதியிருந்தால் நல்ல சரக்கு ஜெயிக்கும். எழுதாவிட்டால் தகர டப்பா ஜெயிக்கும், ஜவானின் காது தோற்கும். ஒரு உருளையின் விலையைப் பார்க்காமல், ஒரு ரவுண்டுக்கு எத்தனை காசு ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சந்தை வருமா? அமெரிக்க ராணுவம் 2022இல் தேர்ந்தெடுத்த புதிய ரைஃபிளைச் சைலன்சரோடுதான் வாங்குகிறது. நம் ராணுவம் 2019இல் வாங்கிய சிக்716 ரைஃபிள் மட்டும் 72,400. அவற்றில் ஒரு பங்குக்குச் சைலன்சர் கேட்டாலும் பெரிய ஆர்டர்தான். எப்போது வரும் என்பது டெல்லிக்கே வெளிச்சம். உங்கள் ஊர் எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ், ஸ்பிரிங் செய்யும் பழைய குழுமத்திலிருந்து வந்து ஸ்னைப்பர் ரைஃபிளை ஏற்றுமதிசெய்யும் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. பின்னால் பெரிய குழுமம் இருந்ததால் அவர்களால் காத்திருக்க முடிந்தது.

ஆகவே நீங்கள் உரிமம் உள்ள ஒருவரிடம் போங்கள். எந்தப் பாகத்தை வெளியில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள், வக்கீலிடம் காட்டுங்கள். இன்கோனலைக் கடைந்து பழகுங்கள், விமானத் துறைக்கும் அது உதவும். கடன் வாங்கி ஐந்தாவது மெஷின் போடுவதை மட்டும், கையில் ஆர்டர் வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்