பிராசசர் போச்சு என்றால் உடனே கடன் எடுக்க வேண்டாம்



சென்ற ஆண்டு ஆடி மாதம் நடந்த விஷயம் இது. பென்னாகரம் பக்கம் நம் குழு உறுப்பினர் ஒருவர் கம்ப்யூட்டர் வாங்க ரூ.35,000 உள்கடன் எடுத்திருந்தார். மகள் பி.காம். முடித்த பெண். வீட்டிலேயே டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுத்தால் ஊர்ப் பெண்கள் ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை, வீட்டுக்கும் வருமானம் ஆச்சு என்று கணக்குப் போட்டார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் அவர் தம்பி, பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பூட்டினார்.

எல்லாம் பூட்டிய பிறகு பார்த்தால், பிராசசர் மேல் உட்காரும் ஃபேனின் ஒயர் எட்டவில்லை. ஃபேனைக் கழற்றித் திருப்பி வைக்கலாம் என்று ஒரே இழுப்பாக இழுத்தார். ‘நறுக்’ என்று ஒரு சத்தம். ஃபேனோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் வந்துவிட்டது. பயந்துபோய் அதை அப்படியே திரும்ப அழுத்தி வைத்தார். சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, “பிராசசர் போச்சுக்கா. புதுசு 9,800 ஆகும். போர்டும் போயிருக்கலாம்” என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டோடு அந்த அம்மா அடுத்த குழுக் கூட்டத்துக்கு வந்து இன்னும் பத்தாயிரம் கடன் கேட்டார்.

கூட்டத்தில் சலசலப்பு. “ஏம்மா, மொதக் கடன்ல ரெண்டு தவணகூட கட்டல, அதுக்குள்ள இன்னொண்ணா?” என்றார் ஒரு பெரியம்மா. “அது ஓடுனாத்தானே அவ தவண கட்டுவா?” என்றார் ஊக்குநர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில், தீர்மானம் எழுதும் முன்பு கூட்டமைப்பைக் கேட்போம் என்று முடிவு செய்தார்கள். நாங்கள் அந்தப் பெட்டியை எடுத்து வரச் சொன்னோம். எங்கள் அலுவலகக் கணக்கர் பெண் ஹார்டுவேர் படித்தவர். அன்று மதியம் எங்கள் மேசையில் நடந்ததையும், அதை ஒட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

முள்ளு எங்கே இருக்கிறது?

பிராசசர் என்பது கம்ப்யூட்டரில் எல்லாக் கணக்கையும் போடுகிற சில்லு. மதர்போர்டு என்ற பெரிய அட்டையில் அதற்கென்று ஒரு குழி உண்டு. அதை சாக்கெட் என்பார்கள். இதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒரு ஜாதியில் பிராசசரின் அடியிலேயே மெல்லிய உலோக முட்கள், அதாவது பின்கள், நாற்றங்கால் மாதிரி வரிசை வரிசையாக நிற்கும். ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 வகையில் மொத்தம் 1,331 பின். இன்னொரு ஜாதியில் பிராசசரின் அடிப்பக்கம் வழவழவென்று பொட்டுப் பொட்டாக இருக்கும், முட்கள் மதர்போர்டு சாக்கெட்டில் இருக்கும். இன்டெல் கம்பெனி டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களில் 2004-லேயே இதற்கு மாறிவிட்டது. ஏஎம்டி 2022-ல் ஏஎம்5 வந்தபோது மாறியது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறோம் என்றால், இன்டெல் வகையில் முள் வளைந்தால் அடிபட்டது போர்டு, பிராசசர் அல்ல. அப்போது ‘பிராசசர் போச்சு’ என்று யாராவது புதுசு விற்றால் பழைய கோளாறு அப்படியே இருக்கும், உங்கள் பணம்தான் போகும். இந்த வகைப் போர்டு வாங்கும்போது சாக்கெட் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி வரும். அதைக் குப்பையில் போடாதீர்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது மூடி கேட்பார்கள்.

நம் உறுப்பினருடையது முதல் ஜாதி. இதில் ஃபேனுக்கும் பிராசசருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் பிசின்போல் பிடித்துக்கொள்ளும். சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியே இருந்தாலும், நேராக இழுத்தால் பிராசசரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருந்தால் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஃபேனை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். இட்லித் தட்டிலிருந்து ஒட்டிய இட்லியை எடுக்கிற பக்குவம்தான். தம்பிக்கு இது தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

மேசையில் நடந்தது

கணக்கர் பெண் முதலில் கரண்ட் ஒயரைப் பிடுங்கினார். நைலான் புடவையில் உரசிய கை என்பதால் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, பிறகு நெம்புகோலைத் தூக்கி, பிராசசரை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுத்தார். வெறும் கண்ணுக்கு எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, இன்னொரு போனின் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு மூலையில் ஐந்து பின் சாய்ந்திருந்தது. அதில் ஒன்று பக்கத்துப் பின்னைத் தொட்டும் தொடாமலும் நின்றது. இந்த நிலையில் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள்! இரண்டு பின் ஒன்றையொன்று தொட்டிருந்தால் ஷார்ட் ஆகி நிஜமாகவே எரிந்திருக்கும். தப்பியது அதிர்ஷ்டம்தான். பின் வளைந்ததாகச் சந்தேகம் வந்தால் சுவிட்ச் பக்கமே போகக்கூடாது. இன்னொருவர் போர்டில் வைத்துச் ‘சோதித்துப் பார்க்கவும்’ கூடாது. அதுவும் சேர்ந்து கெடலாம்.

நிமிர்த்துவதற்குப் பெரிய கருவி ஒன்றும் இல்லை. பிள்ளைகள் எழுதுகிற மைக்ரோ டிப் பென்சில் போதும். உள்ளே இருக்கும் லெட்டை எடுத்துவிட்டு, முனை ஓட்டையைப் பின்மேல் மாட்டி, மெல்ல மெல்ல நிமிர்த்த வேண்டும். 0.5 பென்சில் இறுக்கமாக இருந்தால் 0.7 எடுங்கள். ஒரு வரிசையே சாய்ந்திருந்தால் நடுவில் நுழையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் வரிசை பிடித்து நகர்த்தலாம். இங்கும் அங்கும் ஆட்டக்கூடாது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கிறோமே, அதுபோல முறிந்துவிடும். ஒரே திசையில், ஒரே தடவையில், பொறுமையாகச் செய்ய வேண்டும். ஐந்து பின்னுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா அவ்வளவு நேரமும் மூச்சு விட்டாரா என்று எங்களுக்குச் சந்தேகம்.

பேஸ்ட் பின்களுக்குள் போயிருந்தால் மெதுவான டூத் பிரஷ்ஷில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். செல்போன் ரிப்பேர் கடையில் கிடைக்கும். தண்ணீர் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு, பிராசசர் மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தையும் சாக்கெட்டின் முக்கோணத்தையும் ஒன்றாக வைத்து, நெம்புகோலைத் தூக்கிய நிலையில் சும்மா விட வேண்டும். தன் எடையிலேயே ‘தொப்’ என்று உட்கார வேண்டும். உட்காரவில்லையா, அழுத்தாதீர்கள். எடுத்து மறுபடி பாருங்கள். நமக்கு இரண்டாவது தடவை உட்கார்ந்தது.

புதுப் பேஸ்ட் பூசி, ஃபேன் மாட்டி, சுவிட்ச் போட்டோம். திரை கறுப்பாகவே இருந்தது.

அந்த அம்மா முகம் விழுந்துவிட்டது. “விடுங்க கண்ணு, கடக்காரர் சொன்னது சரிதான் போல” என்றார். அப்போது மகள்தான் குனிந்து பார்த்து, “அக்கா, இந்த ஒயரு எதுக்கு?” என்று கேட்டாள். பவர் சப்ளையிலிருந்து பிராசசருக்கென்று தனியாக ஒரு ஒயர் வரும். நான்கு ஓட்டையோ எட்டு ஓட்டையோ இருக்கும். அது மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், லைட் எரியும், படம் வராது. மாட்டினோம். வந்தது.

முதல் நாளிலிருந்தே மாட்டவில்லையா, கழற்றும்போது விட்டுப்போனதா, தெரியவில்லை. கடைக்காரர் ஏன் கவனிக்கவில்லை என்றும் தெரியவில்லை. அவர் ஏமாற்றினார் என்று நாங்கள் சொல்லவில்லை. அவசரத்தில் சொன்ன பேச்சுக்கு ரூ.9,800 விலை என்பதுதான் எங்கள் வருத்தம்.

படம் வராவிட்டால் பிராசசரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். அந்தத் தனி ஒயர், ராம் அட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா, திரையின் கேபிள், இவையெல்லாம் காசில்லாமல் பார்க்கக்கூடியவை. சில பிராசசருக்குள் படம் காட்டும் வசதியே கிடையாது (இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ இருந்தால் அப்படி), அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். புதுப் பிராசசரைப் பழைய போர்டில் போட்டால் பயாஸ் அப்டேட் செய்யும்வரை அடையாளம் தெரியாமலும் இருக்கும். ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்தால் அது பெரும்பாலும் சூடுதான். இப்போதைய பிராசசர்கள் எரியும் முன்பே தானாக வேகத்தைக் குறைத்து, தானாக அணைந்துகொள்ளும். ஃபேனில் தூசி, காய்ந்த பேஸ்ட், பிரிக்காத பிளாஸ்டிக் தாள், இவற்றைப் பாருங்கள். மாவு சலிக்கிற இடத்திலும் விறகடுப்பு இருக்கும் இடத்திலும் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள்.

ஒரு பின் முறிந்தே போனாலும் எல்லாம் முடிந்ததாக அர்த்தமில்லை. பல பின்கள் எர்த்துக்கும் கரண்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்டதாக வைத்தவை, அதில் ஒன்று போனால் ஓடவும் கூடும். முக்கியமான பின் என்றால் ஒரு ராம் இடம் வேலை செய்யாது, அல்லது மொத்தமும் ஓடாது.

பில், பெட்டி, வழக்கு

பெட்டியில் வரும் பிராசசருக்கு இன்டெல்லும் ஏஎம்டியும் பொதுவாக 3 வருஷ வாரண்டி தருகின்றன. பெட்டி இல்லாமல் தனியாக விற்பதை ‘ட்ரே’ என்பார்கள். விலை குறைவு. ஆனால் அதற்குக் கம்பெனி நேரடியாகப் பொறுப்பேற்காது, கடைக்காரர் எழுதித் தருவதுதான் வாரண்டி. பின் வளைந்தது, ஒடிந்தது போன்ற அடிபட்ட சேதத்துக்கு எந்த வாரண்டியும் கிடையாது. அதனால் கடையிலேயே, கடைக்காரர் முன்பாகவே பெட்டியைப் பிரித்து, பின்களையும் மேலே இருக்கும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுங்கள். பெட்டியின் நம்பரோடு ஒத்துப்பாருங்கள். கூச்சம் வேண்டாம். சேலை வாங்கும்போது பிரித்து வெளிச்சத்தில் பார்க்கிறோம்தானே?

கம்பெனிக்காரன் தப்பே செய்யமாட்டான் என்றும் நினைக்காதீர்கள். 1994-ல் இன்டெல்லின் பென்டியம் பிராசசர் வகுத்தல் கணக்கில் தப்புப் போட்டது. 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்து, வந்த விடையை அதே எண்ணால் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். அந்தப் பிராசசர் 256 என்றது! நம் குழு வரவு செலவில் 256 இடித்தால் ராத்திரி தூக்கம் வருமா? அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். கம்பெனி முதலில் பெரிதுபடுத்தவில்லை. தேவையை நிரூபிப்பவருக்குத்தான் மாற்றித் தருவோம் என்றது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில், கேட்ட எல்லோருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். மறுபடியும் 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜ் பாய்ந்து பழுதாவது வெளியே வந்தது. அவற்றுக்கு வாரண்டியை 2 வருஷம் கூட்டினார்கள். பயாஸ் அப்டேட் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. இந்தத் தலைமுறையில் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை.

பிரிக்கும்போதே பழுது, கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நமக்கு இருக்கிறது. பொருளைப் பெங்களூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘வியாபாரத்துக்கு வாங்கினது, நீங்க நுகர்வோர் இல்ல’ என்று யாராவது சொன்னால் மடங்கிவிடாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியது என்றால் சட்டம் அதை நுகர்வாகவே எடுத்துக்கொள்கிறது. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். ஆனால் கையில் பில் இருக்க வேண்டும். ‘பில் வேண்டாம்னா 500 கொறச்சுக்கிறேன்’ என்ற பேச்சுக்கு மயங்கினால் எந்தக் கதவும் திறக்காது.

அந்த அம்மா அன்று மாலை நாலரை பஸ்ஸுக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். இரண்டாவது கடன் மனுவை அடுத்த கூட்டத்தில் அவரே திரும்பப் பெற்றார். மனுவோடு அந்தக் கடைச் சீட்டும் குழுவின் கடன் ஃபைலில் இருக்கிறது. 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியபோது நம் மாவட்டத்தில்தான் தொடங்கின. கையெழுத்துப் போடப் பழகியதே பெரிய பாடமாக இருந்த காலம் அது. இன்று பிராசசரைப் பற்றிப் பாடம் எழுத வேண்டியிருப்பது எங்களுக்கே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாத ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்துக்கு ஓடாத பழைய போர்டு ஒன்றையும், பின் வளைந்த பழைய பிராசசர் ஒன்றையும் எடுத்து வருகிறோம். நிமிர்த்திப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆளுக்கொரு மைக்ரோ டிப் பென்சில் கொண்டு வாருங்கள். பெண் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கண்ணாடி போடுகிற அக்காமார் கண்ணாடியை மறக்க வேண்டாம்.