அடும்பின் மருத்துவப் பண்பும் ஆய்வு நெறியும்

முன்னுரை

சங்கப் புலவர் பாடிய நெய்தல் நிலக் கொடிகளுள் ஒன்று அடும்பு. குறுந்தொகை இதன் பிளவுபட்ட இலையை மானின் அடிக்கு உவமை கூறுகிறது. மக்கள் வழக்கு இதனை ஆட்டுக்கால் அடம்பு என்கிறது. 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் சூட்டிய 'பெஸ்காப்ரே' என்னும் இலத்தீன் பெயருக்கும் ஆட்டுக்கால் என்பதே பொருள். செங்கல்பட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையான மாமல்லபுரக் கடற்கரையில் இக்கொடி மணல்மேடுகளின் மீது படர்ந்து கிடக்கிறது. இதன் மருத்துவப் பண்பை ஆராயப் புகுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபு காட்டும் வழி

வீக்கத்திற்கும் மூட்டுவலிக்கும் அடும்பிலையைப் பயன்படுத்துவது தென்னாட்டு மரபு. தாய்லாந்துக் கடலோர மக்கள் இழுதுமீன் தீண்டிய இடத்தில் இதனைப் பூசுவர். அந்நாட்டு ஆய்வாளர்கள் அம்மரபையே வினாவாகக் கொண்டு சோதித்து, அடும்பின் சாறு இழுதுமீன் நஞ்சின் செயலைத் தணிப்பதை 1991ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

சோதனை முறைகள்

நுண்ணுயிர் எதிர்ப்பை அறிய, அகார் தட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவைப் பரப்பி, இலைச்சாறு தோய்ந்த 6 மி.மீ. தாள்வட்டை அதன்மேல் வைப்பர். 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓரிரவு கழிந்தபின், வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தோன்றுகிறதா என நோக்குவர். சாறெடுக்கப் பயன்பட்ட கரைப்பான் மட்டும் தோய்ந்த தாளும், அறியப்பட்ட மருந்து தோய்ந்த தாளும் உடன் இருத்தல் வேண்டும். இன்றேல், வளையம் இலையால் விளைந்ததா, கரைப்பானால் விளைந்ததா எனத் துணிதல் இயலாது.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அறிய, டி.பி.பி.எச். என்னும் ஊதாநிறக் கரைசலில் சாற்றைச் சேர்ப்பர். நிறம் மஞ்சளாக மாறும் அளவை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து, வைட்டமின் சி-யுடன் ஒப்பிடுவர்.

முடிவுகளின் எல்லை

வளையம் சிறுத்திருப்பின் இலை பயனற்றது எனக் கொள்வது பிழை. அகாரில் எளிதிற் பரவாத பொருள் வீரியமுடையதாயினும் சிறு வளையமே தரும். எனவே வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவையும் தனியே காணல் வேண்டும். மேலும், சில பாக்டீரியாக்கள் தம்முள் புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. மெக்சிகோ ஆய்வாளர்கள் அடும்பின் பிசினிலிருந்து பிரித்த பெஸ்காப்ரீன் என்னும் பொருள்கள் அவ்விறைப்பைத் தடுத்து, நார்ஃப்ளாக்சசின் மருந்தின் ஆற்றலைப் பெருக்குவதை 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மருந்துக்குத் துணைநிற்கும் இத்தகைய ஆற்றலை, இலைச்சாற்றை மட்டும் வைத்துச் செய்யும் தாள்வட்டுச் சோதனை காட்டாது.

அவ்வாறே, குடுவையில் நிறம் மாறியது கொண்டு உடலில் நோய் தீரும் எனக் கூறுதலும் பொருந்தாது. உண்ட பொருள் செரித்து, குருதியில் கலந்து, உரிய இடத்தை அடைதல் வேண்டும். நஞ்சற்றது என்பதும் நிறுவப்படல் வேண்டும்.

முடிவுரை

அடும்பின் விதை கடலில் மிதந்து பல நாட்டுக் கரைகளை அடைவது. ஆயினும் மண்ணும் பருவமும் மாறச் சாற்றின் கூறும் மாறக்கூடும். ஆதலின் மாமல்லபுரத்துக் கொடியை ஆராயும் மாணவர், பறித்த இடம், பருவம், உறுப்பு, சாறெடுத்த முறை ஆகியவற்றைக் குறித்து, மாதிரி ஒன்றை உலர்த்திக் காத்தல் வேண்டும். மணலைப் பிணைத்துக் கரையைக் காக்கும் கொடியாதலின், வேரோடு பறியாது வேண்டிய இலையை மட்டும் கொய்தல் கடன். எப்பிணிக்கு, எவ்வுறுப்பை, எவ்வாறு பயன்படுத்தினர் என்று கடலோர முதியோரிடம் கேட்டறிவதே இவ்வாய்வின் முதற்படி. தட்டும் குடுவையும் அதன் பின்னரே வருவன.