கால்பந்தாட்டமும் கணக்கும்

தோழியரே, நிகழ்தகவுப் பாடம் என்றாலே பூவா தலையா போட்டுப் பார்ப்பதும், பைக்குள் கையை விட்டுச் சிவப்புப் பந்தா நீலப் பந்தா என்று எடுப்பதும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்தப் பாடத்தில் ஒரு வகுத்தல் விட்டுப் போனதால், இங்கிலாந்தில் சில கால்பந்து அணிகள் ஆடும் முறையே மாறிப்போன கதை ஒன்று உண்டு.

1950ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் ஸ்விண்டன் நகர அணியின் ஆட்டத்தைக் காணச் சென்றிருந்தார் சார்லஸ் ரீப். அவர் விமானப்படையில் கணக்கு அதிகாரி. இடைவேளைக்குப் பின் பென்சிலும் குறிப்பேடுமாக அமர்ந்து, பந்து போகும் வழியையெல்லாம் குறிக்கத் தொடங்கினார். அந்தப் பழக்கம் பிறகு அவரை விடவே இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களின் குறிப்புகளைக் கொண்டு, 1968இல் பெர்னார்ட் பெஞ்சமின் என்ற புள்ளியியல் அறிஞருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான்: நூறு கோல்களில் ஏறத்தாழ எண்பது, மூன்று அல்லது அதற்கும் குறைந்த பாஸ்களில் விழுந்தவை. ஆகவே பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுபோவது வீண். நீளமாக முன்னால் உதையுங்கள் என்றார். கேட்டவர்களும் அப்படியே ஆடினார்கள்.

எண்பது என்ற எண் பொய்யன்று. ஆனால் அவருடைய ஏட்டிலேயே இன்னோர் எண்ணும் இருந்தது. பந்து கைக்கு வந்து போன முறைகளில் நூற்றுக்கு 91.5, மூன்று பாஸ்களுக்குள்ளேயே முடிந்துவிட்டவை! இப்போது நாமே கணக்குப் போடுவோம். ஆயிரம் முறை முன்னேறியதில் பத்து கோல் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். குறுகிய தொடர் 915, அவற்றில் கோல் 8; அதாவது 114 முறைக்கு ஒன்று. நீண்ட தொடர் 85, அவற்றில் கோல் 2. அதாவது 43 முறைக்கு ஒன்று. எது மேல்? ஆண்டுக்கணக்கில் கண் வலிக்க எழுதிய மனிதர் இந்த வகுத்தலைப் போடாமல் விட்டாரே என்று எனக்கு இரக்கமாகத்தான் இருக்கிறது.

2005இல் மைக் ஹியூஸ், இயன் ஃபிராங்க்ஸ் என்ற இருவர் உலகக்கோப்பை ஆட்டங்களை எடுத்து வகுத்துப் பார்த்தார்கள். முன்னேறிய முறைகளால் வகுத்தால் நீண்ட தொடர் வென்றது. கோலை நோக்கி உதைத்த உதைகளால் வகுத்தாலோ குறுகிய தொடர் வென்றது! எதனால் வகுக்கிறோம் என்பதில் அத்தனை இருக்கிறது.

இன்று பென்சிலின் இடத்தில் காமிராக்கள் வந்துவிட்டன. 22 பேரும் நிற்கும் இடத்தை வினாடிக்கு 25 முறை குறித்தால், தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் 29,70,000 குறிப்புகள் சேரும். எந்தப் பயிற்சியாளர் உட்கார்ந்து படிப்பார்? பயன்படும் செய்தியைக் கணிப்பொறியே பொறுக்கித் தர வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் 'வழக்கம் எது' என்று அதற்குத் தெரிய வேண்டும். எந்தத் தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில் உதைத்தால் எத்தனையில் ஒன்று கோலாகும் என்பதைப் பழைய ஆயிரக்கணக்கான உதைகளிலிருந்து அது கற்றுக்கொள்கிறது. பத்து கோல் எதிர்பார்க்கத்தக்க இடத்தில் ஒருவர் பத்து அடித்தால் அது செய்தியன்று. நான்கே அடித்தால் பயிற்சியாளரைக் கூப்பிடலாம்.

அப்படியும் ஒரு பள்ளம் உண்டு. நம் வகுப்பில் நாற்பது பேரும் ஆளுக்கு ஐந்து முறை நாணயம் சுண்டினால், ஒருத்திக்காவது ஐந்தும் தலையாக விழவே வாய்ப்பு அதிகம். அவளுக்கு நாம் மாலை போடுவோமா? கணிப்பொறியும் ஆயிரம் கேள்வி கேட்டுப் பார்த்தால், தற்செயலாக வந்த சிலவற்றையும் பெரிய கண்டுபிடிப்பு என்று நீட்டிவிடும். அடுத்த பருவத்து ஆட்டங்களிலும் அது நிற்கிறதா என்று பார்த்தே நம்ப வேண்டும்.

2024இல் கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தார் லிவர்பூல் அணியுடன் சேர்ந்து 'டாக்டிக் ஏஐ' என்ற ஒன்றை வெளியிட்டனர். அது 7,176 கார்னர் உதைகளைப் படித்து, யார் எங்கே நிற்கலாம் என்று யோசனை சொல்கிறது. அணியின் நிபுணர்கள் பத்தில் ஒன்பது முறை, உண்மையில் ஆடிய அமைப்பைவிட அதன் யோசனையையே விரும்பினார்களாம். விரும்பியது சரி. அப்படி நின்று ஆடிய கார்னர்கள் எத்தனை, அவற்றில் விழுந்த கோல்கள் எத்தனை என்பதே என் கேள்வி.