மின்கலங்கள்

மின்சாரத்தை ஓரிடத்தில் ஆக்கி, அப்பொழுதே கம்பி வழியாகச் செலுத்திப் பயன்கொள்ளுதல் எளிது. அதனைச் சேமித்து வைத்து, வேண்டிய பொழுது எடுத்தாளுதலோ அரிது. அவ்வரிய பணியைச் செய்வது மின்கலம். இதனைப் பேட்டரி என்பது உலக வழக்கு. இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில், இருவேறு உலோகத் தகடுகளை மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, முதல் மின்கல அடுக்கை அமைத்தார். இருவேறு பொருள்களும் அவற்றிற்கு இடையே ஓர் ஊடகமும் என்னும் அவ்வமைப்பு இன்றளவும் மாறவில்லை. மாறிவந்தவை பொருள்களே.

சுவர்க் கடிகாரத்தை நோக்குக. அதில் உள்ள உலர்மின்கலம் 1.5 வோல்ட்டு அழுத்தம் தருவது. தீர்ந்துவிட்டால் மீண்டும் மின்னேற்ற இயலாதது. ஆயினும் கடிகாரம் கொள்ளும் மின்சாரம் மிகச் சிறிது. கலமும் தானாக வலுவிழந்துவிடாமல் நெடுநாள் நிற்பது. அவ்விடத்தில் விலையுயர்ந்த வேறு கலம் எதற்கு?

வண்டியை ஓட்டுவதற்கோ மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலம் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859-ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, அத்தகைய கலத்தை ஆக்கினார். மின்சாரக் கார் நம் காலத்துப் புதுமை எனப் பலர் எண்ணுகின்றனர். 1899-ஆம் ஆண்டிலேயே பெல்ஜிய நாட்டு ஜெனாட்சி என்பார் பாரிசு நகருக்கு அண்மையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் கார் ஓட்டினார். அவ்வெல்லையை முதலில் கடந்த அந்தக் கார் மின்சாரத்தால் ஓடியதே!

எனினும் ஈயத்தின் பாரம் பெருந்தடையாயிற்று. நம் வீட்டு மின்மானி காட்டும் யூனிட் கணக்கில் 40 யூனிட்டைச் சேமிக்க, ஈயக் கலங்கள் 1,000 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். லித்தியக் கலங்களாயின் ஏறத்தாழ 200 கிலோகிராம் போதும். லித்தியம் உலோகங்களுள் மிக இலேசானது. அதன் கலம் ஒவ்வொன்றும் 3.6 வோல்ட்டு அளவில் அழுத்தம் தரவல்லது. சோனி நிறுவனம் 1991-ஆம் ஆண்டில் இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இதற்கு அடிகோலிய விட்டிங்காம், குடினஃப், யோசினோ ஆகிய மூவரும் 2019-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். டெஸ்லா நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் விற்ற காரில், மடிக்கணினியில் இடுவன போன்ற சிறு உருளைக் கலங்கள் 6,800-க்கு மேல் அடுக்கப்பட்டிருந்தன.

அங்ஙனமாயின், கைப்பேசிக்கு ஏற்ற கலமே காருக்கும் ஏற்றதோ? கைப்பேசி சட்டைப்பையில் அடங்க வேண்டும். சில ஆண்டுகளில் மாற்றப்படுவது. ஆதலின் சிற்றிடத்தில் மிகுதியான ஆற்றலை அடக்கும் கோபால்ட்டு ஆக்சைடு அதற்குப் பொருந்தும். காரிலோ ஆயிரக்கணக்கான கலங்கள் மேல் மனிதர் அமர்ந்து செல்கின்றனர். கோபால்ட்டு ஆக்சைடு அளவுக்கு மேல் சூடேறினால் தன்னுள் உள்ள ஆக்சிஜனை வெளிவிடும். கலத்தினுள் இருக்கும் நீர்மமோ எளிதில் தீப்பற்றுவது. தீக்கு வேண்டிய இரண்டும் உள்ளேயே இருத்தலின், அதனை அணைத்தல் பெரும்பாடாகிறது.

குடினஃபும் அவருடன் உழைத்த இந்திய ஆய்வாளர்களும் 1997-ஆம் ஆண்டில் இரும்புப் பாஸ்பேட்டைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டனர். அதில் ஆக்சிஜன் பாஸ்பரசுடன் இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் பிரியாது. அழுத்தம் 3.2 வோல்ட்டே, ஒரே அளவு ஆற்றலுக்கு எடையும் கூடுதல், கடுங்குளிரில் சோர்வதும் உண்டு. ஆயினும் ஈராயிரம் முறைக்கு மேல் மின்னேற்றினாலும் உழைக்க வல்லது. காருக்கு, அதிலும் நம் நாடு போன்ற வெப்ப நாட்டில், இதுவே தக்கது என்பது என் கருத்து.

பிறிதொரு காரணமும் உண்டு. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சில சுரங்கங்களில் ஏழை மக்கள் தம் கைகளாலேயே அதனைத் தோண்டுகின்றனர். அவருள் பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவரும் காணப்பட்டுள்ளனர். இரும்புப் பாஸ்பேட்டுக் கலத்திற்குக் கோபால்ட்டு வேண்டுவதில்லை.

இத்துணைப் புதுமை வந்தபின்னும் பிளாந்தேயின் கலம் ஒழியவில்லை. இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றுள்ளும், விளக்கிற்கும் கதவின் பூட்டிற்கும் மின்சாரம் தர, 2 வோல்ட்டு ஈயக் கலங்கள் ஆறு சேர்ந்த 12 வோல்ட்டுப் பெட்டி ஒன்று ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறது.