நம் மாநிலத்தை அறிவோம்: மாண்டரே கவுண்டி

கலிபோர்னியாப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கு வந்ததும் நம் பிள்ளைகள் மாநில வரலாறு படிக்கிறார்கள். அட்டையும் பசையும் வைத்து ஸ்பானிய மிஷன் கட்டடத்தின் மாதிரி செய்த அனுபவம் பல வீடுகளில் இருக்கும். வேறு நாட்டில் படித்து வந்த நமக்கு அந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்கு உதவுவது சற்றுச் சிரமமே. ஒரே ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டு அதன் நிலம், வரலாறு, பிழைப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் எளிதில் விளங்கும். அதற்கு மாண்டரே கவுண்டி மிகப் பொருத்தமானது. நாம் மசியலுக்கு வாங்கும் ஸ்பினாச் கீரையில் பெரும் பகுதி விளைவதும் அங்கேதான்.

நிலமும் கடலும்

சான் பிரான்சிஸ்கோவிற்குத் தெற்கே, பசிபிக் கடலோரத்தில் ஏறக்குறைய 100 மைல் நீளத்திற்கு இந்தக் கவுண்டி அமைந்துள்ளது. பரப்பு சுமார் 3,300 சதுர மைல். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 4,39,000. தலைநகர் சலினாஸ்.

மேற்கே கடலை ஒட்டிச் சாண்டா லூசியா மலைத்தொடர். கிழக்கே கபிலான் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே சலினாஸ் பள்ளத்தாக்கு. இதன் வழியே சலினாஸ் ஆறு தெற்கிலிருந்து வடமேற்காக ஓடிக் கடலில் கலக்கிறது. கோடையில் ஆற்றில் மணல்தான் தெரியும். நீர் பெரும்பாலும் மணலுக்கு அடியில் செல்கிறது. இந்த அடிநீரே பள்ளத்தாக்கின் உயிர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குள்ளும் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மாஸ் லாண்டிங் என்ற சிறு துறைமுகத்தின் வாயிலிலேயே தொடங்கும் அந்த ஆழ்கடல் பள்ளம், போகப்போக இரண்டு மைலுக்கும் மேல் ஆழமாகிறது. வசந்த காலத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று வீசும்போது மேல்மட்ட நீர் கரையை விட்டு விலகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வரும். அதனால் நுண்ணுயிர்ப் பாசி பெருகுகிறது. பாசியை உண்ண மீன் வருகிறது. மீனைத் தேடித் திமிங்கிலமும் மனிதனும் வருகிறார்கள். குளிர்ந்த கடலின் மேல் படும் ஈரக்காற்று மூடுபனியாகிறது. உள்நாட்டு வெப்பம் அந்தக் குளிர்காற்றைப் பள்ளத்தாக்கிற்குள் இழுக்கிறது. ஜூலை மாதத்திலும் சலினாஸில் ஸ்வெட்டர் தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

மூன்று கொடிகள்

இந்த மண்ணின் முதல் மக்கள் ரம்சன் ஓலோனி, எஸலன், சலினான் ஆகிய பழங்குடியினர். 1602இல் செபஸ்தியான் விஸ்காயினோ என்ற ஸ்பானிய மாலுமி இங்கு வந்து, மெக்சிகோவிலிருந்த ஸ்பானிய ஆளுநரான மாண்டரே பிரபுவின் பெயரை விரிகுடாவுக்குச் சூட்டினார். அதன் பின்னர் 168 ஆண்டுகள் கழித்தே, 1770இல், போர்ட்டோலாவும் பாதிரியார் ஹூனிப்பெரோ செராவும் கோட்டையும் மிஷனும் நிறுவினார்கள். அடுத்த ஆண்டு மிஷன் கார்மலுக்கு மாற்றப்பட்டது. மிஷன்களில் பழங்குடியினர் வேலை வாங்கப்பட்டதையும், புதிய நோய்களால் பெருமளவில் மாண்டதையும் அட்டைக் கட்டடம் செய்யும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1777 முதல் மாண்டரே கலிபோர்னியாவின் தலைநகராக விளங்கியது. 1822இல் மெக்சிகோவின் கொடி ஏறியது. அக்காலத்தில் மாட்டுத் தோலும் மாட்டுக் கொழுப்பும் கப்பலேறின. 1846 ஜூலை 7ஆம் நாள் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஸ்லோட் சுங்க மாளிகையில் அமெரிக்கக் கொடியை ஏற்றினார்.

1849இல் மாண்டரே நகரின் கோல்டன் மண்டபத்தில் 48 பிரதிநிதிகள் கூடி மாநிலத்தின் முதல் அரசியலமைப்பை எழுதினார்கள். அடிமை முறை கூடாது என்று முடிவு செய்ததுடன், சட்டங்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வெளியிடப்பட வேண்டும் என்றும் விதித்தார்கள். இருமொழி விதி 1879இல் எழுதப்பட்ட புதிய அரசியலமைப்பில் நீக்கப்பட்டது. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தி பிடிக்கும். 1850இல் மாநிலம் உருவானபோது அமைந்த முதல் 27 கவுண்டிகளில் மாண்டரேயும் ஒன்று. இரயில் பாதை சலினாஸ் வழியே வந்த பின், 1870களில் கவுண்டித் தலைநகர் அங்கு மாறியது.

மத்தி மீன் தந்த பாடம்

1850களிலேயே சீன மீனவர்கள் இக்கடற்கரையில் குடியேறினார்கள். பிற மீனவர்களுடன் மோதலைத் தவிர்க்க, இரவில் விளக்கு வைத்துக் கணவாய் பிடித்தார்கள். அவர்களுடைய ஊர் 1906இல் தீக்கிரையானது. மீண்டும் அங்கே குடியேற அவர்களை விடவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்தி மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் ஆலைகள் எழுந்தன. நிலவில்லாத இரவில் மீன் கூட்டம் நகரும்போது கடல் ஒளிரும். அந்த ஒளியைப் பார்த்து இத்தாலிய மீனவர்கள் வலை வீசினார்கள். படகு வந்ததும் ஆலைச் சங்கு ஊதும். எந்த நேரமானாலும் தொழிலாளர்கள் ஓடி வருவார்கள். 1940களின் தொடக்கத்தில் ஒரே பருவத்தில் 2 லட்சம் டன்னுக்கு மேல் மீன் பிடிபட்டது. உண்பதற்கு அடைத்ததை விட, அரைத்துக் கோழித் தீவனமாகவும் உரமாகவும் விற்றதில் இலாபம் அதிகம். அறிவியலாளர்கள் எச்சரித்தும் பிடிப்பு குறையவில்லை. கடலின் வெப்பநிலை மாற்றமும் சேர்ந்துகொள்ள, 1950களின் நடுவில் மத்தி ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

சலினாஸில் 1902இல் பிறந்து 1962இல் நோபல் பரிசு பெற்ற ஜான் ஸ்டைன்பெக், 1945இல் வெளியிட்ட 'கேனரி ரோ' என்ற நாவலில் இந்த ஆலைத் தெருவை நிலைநிறுத்தினார். 1958இல் தெருவுக்கே நாவலின் பெயரைச் சூட்டினார்கள். கடைசியாக 1973இல் மூடப்பட்ட ஆலை இருந்த இடத்தில்தான் 1984இல் புகழ்பெற்ற மாண்டரே மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மீனைப் பிடித்துப் பிழைத்த தெரு, இன்று மீனைக் காட்டிப் பிழைக்கிறது.

பச்சைத் தங்கம்

லெட்டூஸ் கீரைக்கு வெயில் அதிகமானால் பூத்துக் கசந்துவிடும். மூடுபனி தவழும் சலினாஸ் பள்ளத்தாக்கு அதற்கு ஏற்ற இடம். 1920களில் பனிக்கட்டி நிரப்பிய இரயில் பெட்டிகள் கீரையைக் கிழக்குக் கரைக்குக் கொண்டு சென்றன. மக்கள் அதைப் 'பச்சைத் தங்கம்' என்றார்கள். பின்னர் வெற்றிடக் குளிர்விப்பு முறை வந்தது. மூடிய அறையில் கீரையை வைத்துக் காற்றை உறிஞ்சினால், இலையின் ஈரத்தில் சிறிதளவு ஆவியாகி அரை மணி நேரத்திற்குள் கீரை குளிர்ந்துவிடும். இன்று லெட்டூஸ், ஸ்ட்ராபெரி, பிராக்கோலி, ஸ்பினாச், திராட்சை முதலியவற்றின் ஆண்டு மதிப்பு 400 கோடி டாலருக்கும் மேல். நவம்பரில் குளிர் வந்ததும் கீரைத் தொழில் அரிசோனாவின் யூமாவுக்கு நகர்கிறது. இயந்திரங்களும் தொழிலாளர் பலரும் கூடவே போய், வசந்தத்தில் திரும்புகிறார்கள்.

இந்த வயல்களில் சீனர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள், மெக்சிகோ மக்கள் என்று வந்தவர்கள் எல்லாரும் குனிந்து உழைத்தார்கள். குட்டைப் பிடி களைக்கொட்டினால் முதுகு ஒடிந்தவர்கள் பலர். 1970இல் சீசர் சாவேஸ் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் சலினாஸ் சிறையில் அடைக்கப்பட்டார். 1975இல் குட்டைப் பிடி களைக்கொட்டு ஒழிந்தது. அதே ஆண்டு பண்ணைத் தொழிலாளர் சங்க உரிமைச் சட்டமும் வந்தது. இன்றும் வீட்டு வாடகை அவர்கள் கூலிக்கு எட்டாததால், ஒரே வீட்டில் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

இப்போதைய கேள்வி: தண்ணீர்

வேளாண்மை, சுற்றுலா, இராணுவக் கல்வி நிலையங்கள் ஆகியவை இன்றைய வருவாய்க்கு வழிகள். 1994இல் மூடப்பட்ட ஃபோர்ட் ஆர்ட் முகாமில் இன்று மாநிலப் பல்கலைக்கழகம் நடக்கிறது. ஆனால் எல்லாவற்றிற்கும் அடிப்படை நிலத்தடி நீர். வெளியிலிருந்து கால்வாய் வழியாக இந்தப் பள்ளத்தாக்கிற்கு நீர் வருவதில்லை.

நீரைத் தாங்கும் மண் அடுக்குகள் கடலடி வரை நீள்கின்றன. நன்னீர் நிறைந்திருக்கும் வரை கடல்நீர் உள்ளே வராது. அளவுக்கு மீறி இறைத்து, நீர்மட்டம் கடல்மட்டத்திற்குக் கீழே போனால், உப்புநீர் அதே வழியாக உள்ளே ஏறும். காஸ்ட்ரோவில் பகுதியில் 1940களிலேயே இது தெளிவாகத் தெரிந்தது. இன்று உப்பு பல மைல் உள்ளே வந்துவிட்டது.

செய்த பரிகாரங்களும் உண்டு. 1957இல் நசிமியெண்டோ அணையும், 1960களில் சான் அன்டோனியோ அணையும் கட்டப்பட்டு, கோடையிலும் ஆற்றில் நீர் விடப்படுகிறது. 1998 முதல் சுத்திகரித்த கழிவுநீர் காஸ்ட்ரோவிலைச் சுற்றிச் சுமார் 12,000 ஏக்கருக்குப் பாய்கிறது. 2014இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி, 2040க்குள் நிலத்தடி நீரின் வரவும் செலவும் சமமாக வேண்டும். கிணறுகளைக் குறைப்பது யார், செலவைத் தாங்குவது யார் என்பதே இப்போதைய வாக்குவாதம். மத்தி மீன் விஷயத்தில் எச்சரிக்கை காதில் ஏறவில்லை. ஆனால் மீன் பல பத்தாண்டுகளுக்குப் பின் ஓரளவேனும் திரும்பி வந்தது. உப்பேறிய நீரடுக்கை மீட்பது அதைவிடக் கடினம்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. கோடையிலும் சலினாஸ் குளிர்ச்சியாக இருப்பது ஏன்?
2. 1849இல் கோல்டன் மண்டபத்தில் மொழி பற்றி எடுத்த முடிவு என்ன?
3. மத்தி மீன் குறைந்ததற்கு இரண்டு காரணங்கள் கூறுக.
4. கடல்நீர் கிணற்றுக்குள் எவ்வாறு வருகிறது? படம் வரைந்து விளக்குக.
5. பெற்றோருடன் கலந்து பேசுக: நீர் குறைவாக இருக்கும்போது, வயலுக்கும் ஊருக்கும் எப்படிப் பங்கிடுவது நியாயம்?

விடைகள் கட்டுரையிலேயே உள்ளன. ஐந்தாவது கேள்விக்கு மட்டும் நீங்களே விடை காண வேண்டும். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, கீரைப் பையின் பின்புறம் 'சலினாஸ்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.