கொட்டகையும் கூடமும்: ஒரு பொருளியல் நோக்கு

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பெரம்பூர் ஸ்ரீ பிருந்தா திரையரங்கு மூடப்பட்டது. 1985இல் நடிகர் ரஜினிகாந்த் திறந்துவைத்த அரங்கு அது, நாற்பதாண்டு வாழ்ந்தது. "எல்லாரும் போன்லயே படம் பார்த்தா கொட்டாய் எப்படி நிக்கும்?" என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். வகுப்பறையில் தேவை, அளிப்பு, வாய்ப்புச் செலவு என்றெல்லாம் படித்துவிட்டு, வீட்டருகே நடந்த ஒன்றுக்கு அந்த ஒற்றை வரியையே விடையாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. கொட்டகையை மூடியது வீட்டுத் திரைதானா? வேறு காரணமும் உண்டா? மாணவன் என்ற முறையில் நான் போட்டுப் பார்த்த கணக்கையே இங்கு முன்வைக்கிறேன்.

தொழிலாளர் ஊரும் திரைப்படமும்

தென்னிந்தியாவில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் ஒரு ரயில்வே ஊழியர். 1905இல் தொடங்கிய அந்தப் பயணம், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்காக மலர்ந்தது. சென்னையில் 1913இல் தோன்றிய எலக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

ரயில்வே ஊழியர் ஒருவர் விதைத்த தொழில், ரயில்வே ஊரான பெரம்பூரில் செழித்ததில் வியப்பில்லை. ரயில்வேயின் கேரேஜ், லோகோ பணிமனைகள், 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப்., செம்பியம் சிம்ப்சன், 1996இல் மூடப்பட்ட பின்னி ஆலை ஆகிய இவையெல்லாம் நம் வட்டாரத்துக்குச் சோறு போட்டவை. ஷிப்டு முடிந்து வருபவனுக்கு இரவுக் காட்சி. சம்பள நாளன்று குடும்பத்தோடு மாலைக் காட்சி. சீட்டு விலை குறைவு, வருவோர் தொகை மிகுதி என்பதே அன்றைய கொட்டகையின் பொருளாதாரம். ஆயிரம் பேர் அமரும் பெரிய கூடங்கள் எழுந்ததும் அந்தக் கணக்கை நம்பித்தான்.

கூடத்துக்குள் நுழைந்த திரை

வீட்டுத் திரை ஒரே நாளில் வந்த விருந்தாளி அன்று. 1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஞாயிறு மாலைப் படத்துக்காகத் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டில் தெருவே கூடியது. 1982இல் வண்ணம் வந்தது. அதையொட்டி வாடகை டெக்கும் வீடியோ கேசட்டும் வந்தன. 1993இல் சன் தொலைக்காட்சி, 2006 முதல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2016க்குப் பிறகு மலிந்த கைப்பேசி இணையம் என்று படிப்படியாகத் திரை நம் கூடத்துக்கும், கூடத்திலிருந்து கைக்கும் வந்தது.

ஒவ்வொரு முறையும் "கொட்டகை செத்தது" என்றே பேசப்பட்டது. ஆயினும், வண்ணத் தொலைக்காட்சி வந்து மூன்றாண்டு கழித்தே ஸ்ரீ பிருந்தா திறக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது.

அயல்நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. பிரிட்டனில் 1946இல் ஏறத்தாழ 163 கோடி சினிமாச் சீட்டுகள் விற்றன. தொலைக்காட்சியும் பின்னர் வீடியோவும் வந்தபின், 1984இல் அத்தொகை 5.4 கோடியாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டே மில்டன் கீன்ஸ் நகரில் பத்துத் திரை கொண்ட அரங்கு தொடங்கப்பட்டது. அவ்வகை அரங்குகள் பெருகப் பெருகக் கூட்டம் திரும்பியது; 2002இல் 17 கோடியைத் தாண்டியது. பழைய உயரம் திரும்பவில்லை. எனினும் தொழில் அழியவுமில்லை. வீட்டுத் திரை கொட்டகையைச் சுருக்குகிறது, வடிவம் மாற்றுகிறது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

குடும்பத்தின் கணக்கு

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். பல திரை அரங்கில் ஒரு சீட்டு வரியுடன் 190 ரூபாய் என்று கொள்வோம். நால்வர் குடும்பத்துக்கு 760 ரூபாய். முன்பதிவுக் கட்டணம், ஆட்டோ, இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். முன்வரிசையில் சில இருக்கைகள் மலிவாக உண்டு. ஆனால் அவை நால்வருக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பது அரிது. மறுபுறம், 2021 டிசம்பரில் அமேசான் பிரைம் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 1,499 ரூபாய். அதே மாதம் நெட்ஃப்ளிக்ஸ் கைப்பேசித் திட்டத்துக்கு வைத்த மாதக் கட்டணம் 149 ரூபாய்.

வீட்டில் பார்ப்பது இலவசம் என்று சொல்வது தவறு. பெட்டி, இணையம், சந்தா எல்லாம் நிலைச் செலவுகள். ஆனால் அவற்றைச் செலுத்தியபின், அடுத்த படம் பார்ப்பதற்கான இறுதிநிலைச் செலவு ஏறக்குறையச் சுழி. கொட்டகையிலோ ஒவ்வொரு படத்துக்கும் முழுச் செலவும் புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே குடும்பம் கொட்டகையை அடியோடு விடுவதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று பெரிய படங்களுக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்கிறது. அடிபடுவது சிறு படங்களும், வாரந்தோறும் வந்த கூட்டத்தை நம்பியிருந்த சாதாரண அரங்குகளுமே.

கொட்டகைக்காரரின் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கற்பனை அரங்கை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் இருக்கை, நாளொன்றுக்கு நான்கு காட்சி. ஆக வாரம் 28,000 இருக்கைகள். வரி நீங்கலாகச் சீட்டு 100 ரூபாய். கால் பங்கு நிரம்பினால் வசூல் 7 லட்சம். விநியோகஸ்தர் பங்கு 60 விழுக்காடு போனால் அரங்குக்கு மிஞ்சுவது 2,80,000. மின்சாரம், சம்பளம், பராமரிப்பு எல்லாம் இதிலிருந்துதான். பத்தில் ஒரு பங்கே நிரம்பினால் மிஞ்சுவது 1,12,000. கூட்டம் குறைந்ததென்று குளிர்சாதனத்தைக் கால் பங்குக்கு ஓட்டிவிட முடியாது. செலவு அப்படியே நிற்கும்.

இப்போது வாய்ப்புச் செலவைக் கவனிக்க வேண்டும். அந்த மனையின் மதிப்பு 30 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை விற்று 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 2.1 கோடி, வாரத்துக்கு 4 லட்சத்துக்குமேல். கால் பங்கு நிரம்பிய கொட்டகை, செலவு கழிக்கும் முன்பே, அதற்குத் தோற்றுவிடுகிறது! 1985இல் ஒரு கொட்டகை கட்டுவதற்கு ஏற்ற விலையில் இருந்த பெரம்பூர் மனை இன்று அடுக்ககம் கேட்கும் மனை. வீட்டுத் திரை கூட்டத்தைக் குறைத்தது. நிலத்தின் விலையோ தாண்ட வேண்டிய வேலியை உயர்த்தியது. இரண்டும் சேர்ந்தபோதுதான் விளக்கு அணைகிறது. தண்டையார்பேட்டை அகஸ்தியாவை நோய்த்தொற்றுக் காலமான 2020இல் இழந்தோம். பெரம்பூரிலேயே, வீனஸ் என்ற பழைய கொட்டகைப் பெயரைத் தாங்கிய வணிக வளாகத்தில் பல திரை அரங்கு நடக்கிறது. கடைகளின் வாடகையும் திரைகளும் ஒரே மனையைப் பகிர்ந்துகொள்வதால் அந்தக் கணக்கு ஈடேறுகிறது.

நாள் இடைவெளி என்னும் வேலி

கொட்டகையும் கூடமும் ஒரே பண்டத்தை விற்கின்றன; இரண்டையும் பிரித்து வைப்பது காலம் ஒன்றுதான். 2013இல் 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்பே டி.டி.எச். வழியாக வீட்டுக்குத் தரக் கமல்ஹாசன் முயன்றபோது அரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரே இணையத்துக்கு வந்தது. 2021 ஜனவரி 13இல் அரங்குகளுக்கு வந்த 'மாஸ்டர்' 29ஆம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டது; இடையில் பதினாறே நாள்! பின்னர்த் தமிழ்ப் படங்களுக்கு நான்கு வாரம் என்னும் வழக்கம் நிலைத்தது. வடநாட்டுப் பெரிய அரங்குக் குழுமங்கள் கேட்பதோ எட்டு வாரம். 2023இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பு அக்குழுமங்களின் அரங்குகளில் வெளிவராமல் போனதற்கு இந்த வேறுபாடே காரணம்.

"இன்னும் நாலு வாரத்துல வீட்டுக்கே வந்துடும்" என்று அறிந்த நுகர்வோர், சுமாரான படத்துக்குக் கொட்டகை செல்வாரா? இடைவெளி குறையக் குறையக் கொட்டகைச் சீட்டின் மதிப்பும் குறையும் என்பது தெளிவு.

கணக்கில் வராத ஒன்று

இத்தனையும் எழுதி முடித்தபின் எங்கள் ஆயாவிடம் படித்துக் காட்டினேன். தாத்தா கேரேஜில் வேலை பார்த்தவர்; அவரோடு மாதம் ஒருமுறை படத்துக்குப் போனவர் ஆயா.

"அப்போ வீட்ல பார்க்கிறதுதானே ஆயா லாபம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு லாபம்டா. வீட்ல படம் ஓடினா நான் குக்கர் விசில் எண்ணணும், வந்தவங்களுக்கு டீ போடணும். கொட்டாய்லதான் மூணு மணி நேரம் ஒருத்தரும் என்னை எழுந்திருன்னு சொல்லல" என்றார்.

நான் தலைகுனிந்தேன். வீட்டில் பார்ப்பதன் இறுதிநிலைச் செலவு சுழி என்று எழுதியவன் நான். அந்தச் செலவு மறையவில்லை. ஆயாவின் தலையில் ஏறியிருக்கிறது. ஊதியம் இல்லாத உழைப்பை நாட்டு வருமானக் கணக்கு விட்டுவிடுகிறது என்று பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய நானே, என் வீட்டுக் கணக்கில் அதை விட்டுவிட்டேன்.

முடிவுரை

ஆக, கொட்டகையைக் காப்பது பழமைப் பற்று மட்டுமன்று. உழைக்கும் குடும்பம், அதிலும் பெண்கள், குறைந்த செலவில் வெளியே அமர்ந்து இளைப்பாறும் இடத்தைக் காப்பதாகும். 2025 செப்டம்பரில் 100 ரூபாய் வரையிலான சீட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. 100க்கு மேற்பட்ட சீட்டுக்கு 18 விழுக்காடே நீடித்தது. மலிவுச் சீட்டு அரங்குகளுக்கு இது நல்ல துணை. ஸ்ரீ பிருந்தாவுக்குத்தான் காலம் கடந்து வந்தது. இத்துடன், பெரிய கூடங்களைச் சிறு திரைகளாகப் பிரித்து அதே மனையில் கடைகளும் நடத்த எளிதாக அனுமதி கிடைத்தால், வார நாள் பகற்காட்சிகளுக்குச் சீட்டு விலையைக் குறைத்தால், எஞ்சிய அரங்குகளேனும் நிலைக்கும்.

கூடத்தில் திரை இருக்கட்டும். அது போகப்போவதும் இல்லை. ஆனால் கொட்டகை எதற்கு என்று நம்மில் யாரேனும் இனிக் கேட்டால், முதலில் அவரவர் வீட்டு அடுப்படியில் நிற்பவரைக் கேட்டுவிட்டு வரச் சொல்வேன்.