கதவு திறந்தால் எலி வரும் என்று கற்ற பாம்பு

கேள்வி: நாங்கள் மெல்பர்னில் இருக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. பாம்பு என்றால் உயிர். அவன் நச்சரிப்புத் தாங்காமல் என் கணவர் பெயரில் உரிமம் எடுத்து, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கார்பெட் பைதான் குட்டி வாங்கிக் கொடுத்தோம். இப்போது ஒன்றரை மீட்டர் இருக்கும். வெளியே எடுத்துவிட்டால் பரம சாது. அவன் படிக்கும்போது தோளிலேயே கிடக்கும். ஆனால் பெட்டியின் கண்ணாடியை நகர்த்தினால் போதும், பாய்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை இரவு எலி போடுவதற்கும் நடுவில் தண்ணீர் மாற்றுவதற்கும் தவிர இப்போது பெட்டியைத் திறப்பதே இல்லை. போன மாதம் ஒரு ஞாயிறு இரவு மகன் கையைக் கவ்விச் சுற்றிக்கொண்டு விடவே இல்லை. தோல் கையுறை வாங்கியிருக்கிறோம். இன்னொரு நாள் பகலில் நான் திறந்தபோது சீறிக்கொண்டு வந்து முட்டிவிட்டு மூலைக்கு ஓடியது. மாமியார், "அதுக்கு உங்களைப் பிடிக்கல, காட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க" என்கிறார். நிஜமாகவே எங்களைப் பிடிக்கவில்லையா?
- வாசகி, மெல்பர்ன்

பதில்: 

உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. எலி போடுவதற்கும் நடுவில் தண்ணீர் மாற்றுவதற்கும் தவிர பெட்டியைத் திறப்பதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாம்பின் இடத்தில் இருந்து பாருங்கள். கண்ணாடி நகரும் சத்தம் கேட்கிறது, எலி வருகிறது. வாராவாரம் இதுதான் பாடம். நீங்கள் கற்றுக்கொடுத்ததை அது நன்றாகவே கற்றிருக்கிறது. விருப்பு வெறுப்பு இதில் எங்கும் வரவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு சம்பவங்களும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த வழியைச் சொன்னாலும் பலிக்காது.

ஞாயிறு இரவு நடந்தது பசி. பசியில் வரும் பாம்பு சீறாது. நாக்கை மெதுவாக நீட்டி நீட்டிப் பார்க்கும், கை போகும் திசையில் தலை திரும்பும், பிறகு கவ்வும். கவ்வினால் விடாது, உடனே சுற்றும். இரையைப் பிடிக்கும் முறையே அதுதான். பகலில் நடந்தது பயம். கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து, சீறி, சட்டென்று முட்டிவிட்டுத் திரும்பி ஓடும். அது "கிட்டே வராதே" என்கிற எச்சரிக்கை. முதலாவதற்கு, இது சாப்பாடு இல்லை என்று நீங்கள் சொல்லித்தர வேண்டும். இரண்டாவதற்கு, இங்கே ஆபத்து இல்லை என்று அதற்கே தோன்ற வேண்டும்.

முதலில் பசியைப் பார்ப்போம். கார்பெட் பைதானின் உதடுகளை வெளிச்சத்தில் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சூட்டை உணர்வதற்கு அவை. இருட்டில் இரை தேடும் பிராணி அது. ராத்திரியில் உள்ளே நீளும் ஒரு மனிதக் கை, அந்தக் குழிகளுக்கு வெதுவெதுப்பான ஒரு பொருள், அவ்வளவுதான். அதோடு, உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்குகிறீர்கள் அல்லவா, அந்த வாசனை அறை முழுக்கப் பரவிவிடும். பாம்பு அப்போதே தயாராகிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை விட்டால் கடி நிச்சயம்.

எனக்கே அது நடந்திருக்கிறது. எலியை இளக்கிய கையை அவசரமாக அலம்பிவிட்டு, ஒரு பெண் பைதானின் கிண்ணத்தை எடுக்கப் போனேன். கட்டைவிரலின் அடிப்பக்கத்தைக் கவ்வியது. வலி பெரிதாக இல்லை. ஊசி முனைகளை வரிசையாக வைத்து அழுத்தியது போலிருந்தது. அடுத்த நொடி மணிக்கட்டைச் சுற்றி இரண்டு சுற்று. ஒவ்வொரு முறை நான் அசைந்தபோதும் பிடி இறுகியது. அசையாமல் நின்ற பிறகுதான் தளர்ந்தது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். மகனிடம் இதைச் சொல்லி வையுங்கள்: இழுக்காதே. குளிர்ந்த நீர்க்குழாயின் கீழே கையைக் காட்டு, பெரும்பாலும் விட்டுவிடும். சுற்றைப் பிரிப்பதென்றால் வால் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். விஷம் கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவி, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி பாடத்தை மாற்றும் வேலை. நேற்றைய செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டுங்கள், அல்லது பாம்புக் கொக்கி ஒன்று வாங்குங்கள். கண்ணாடியைத் திறந்ததும் கையை விடாமல், அந்தக் குழலால் உடம்பின் நடுப்பகுதியை மெதுவாகத் தடவுங்கள். தலை பாய்வதற்குத் தயாராகக் குழலை நோக்கித் திரும்பினால், முகவாயை லேசாகத் தொட்டு ஒதுக்குங்கள். அடிக்கக் கூடாது. அடித்தால் பசியோடு பயமும் சேர்ந்துகொள்ளும். சில நொடிகளில் உடம்பு தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். வளைந்திருந்த கழுத்து நேராகும், நாக்கு வேகமாக வந்து போகும். இது இரை இல்லை என்று அதற்குப் புரிந்துவிட்டது. அப்போது பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய் நடு உடம்பைத் தாங்குங்கள், இன்னொரு கையை அதற்குப் பின்னால் கொடுத்துத் தூக்குங்கள். தலைக்கு மேலிருந்து கை இறங்கவே கூடாது. மேலிருந்து வருவது கழுகு என்றுதான் எந்தப் பாம்பும் எடுத்துக்கொள்ளும்.

எலி கொடுக்கும் நாளில் குழலைத் தொடவே தொடாதீர்கள். நீண்ட இடுக்கியில் எலி மட்டும்தான் உள்ளே போக வேண்டும். குழல் தொட்டால் உலா, தொடாவிட்டால் சாப்பாடு. ஒரு தடவைகூட இதைக் குழப்பாதீர்கள். சாப்பாட்டுக்காக வேறு டப்பாவுக்கு மாற்றச் சொல்வார்கள், அதை நான் ஏற்பதில்லை. இரை விழுங்கிய பாம்பைத் திரும்பத் தூக்கும்போதுதான் கடியும் விழும், விழுங்கியதைக் கக்கவும் செய்யும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாளாவது தொடக்கூடாது.

மற்ற நாட்களில் திறக்க வேண்டும். பகலில், விளக்கைப் போட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. சில நாள் திறந்து, தண்ணீர் மாற்றி, மூடினாலே போதும். வேறு சில நாள் பத்து நிமிடம் வெளியே எடுங்கள். அது சாந்தமாக இருக்கும்போதே உள்ளே விடுங்கள்.

பயத்துக்கு வருகிறேன். பெட்டியில் ஒளிந்துகொள்ள எத்தனை இடம் இருக்கிறது? சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, உடம்பு இடித்துக்கொள்ளும்படி நெருக்கமாக இருக்க வேண்டும். ஏற ஒரு கிளையும் வேண்டும். ஒரே ஒரு குகை, அதுவும் சூட்டுப் பக்கம் மட்டும் இருந்தால், சூடு வேண்டாத நேரத்தில் அது திறந்தவெளியில் கிடக்கும். பெட்டி நடைபாதையிலோ தொலைக்காட்சிக்குப் பக்கத்திலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பாம்புக்குக் காது கேட்காது என்று நம் ஊரில் சொல்வோம். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் வரும் ஒலிக்கும் பாம்புகள் அசைந்து கொடுப்பதைக் காட்டியிருக்கிறார்கள். காலடி அதிர்வு தரை வழியாகப் போவது தனி. ஓயாத நடமாட்டத்தின் நடுவில் இருக்கும் பாம்பு பகலெல்லாம் காவல் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

கண்கள் பால் கலந்த நீலமாக இருந்தால் சட்டை கழற்றப் போகிறது, அப்போது பார்வை மங்கல். அந்த நாட்களில் அதன் பக்கமே போக வேண்டாம்.

கையுறையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டால் பிடி எவ்வளவு அழுத்துகிறது என்பது கைக்குத் தெரியாது, பயந்த கை எப்போதும் இறுக்கித்தான் பிடிக்கும். கொக்கி போதும். இந்த இனத்தில் சில 2.5 மீட்டருக்கு மேலும் வளரும். 2 மீட்டரைத் தாண்டினால், எடுக்கும்போது பெரியவர் ஒருவர் கூட நிற்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். தொட்ட பிறகு எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

அத்தையிடம் அன்போடு சொல்லுங்கள், காட்டில் விட முடியாது. சட்டப்படி குற்றம். வளர்ப்புப் பாம்பின் நோய் காட்டுப் பாம்புகளுக்குப் போகும், தானாக இரை தேடிப் பழகாத இதுவும் பிழைப்பது கடினம். (தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: நம் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேலே சொன்னதை அங்கே செய்து பார்க்க வேண்டாம்.)

இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இடையில் ஒரு கடி விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மறுவாரம் குழலோடு போங்கள். ஆனால் இதுவரை சாதுவாக இருந்தது திடீரென்று மாறியிருந்தால், தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் கிடக்கின்றனவா, வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். முன்னது சிற்றுண்ணி, பின்னது பெரும்பாலும் சளித்தொற்று. இரண்டில் எது தென்பட்டாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அந்த வாரமே கொண்டுபோங்கள்.